விரல்நுனியில் பிறந்த இசை

நுழையும்முன்

கருவி இசைப்பவருக்குக் கருவியும் ஓர் உறுப்பு போன்றது. உடலின் உறுப்பு ஒன்று குறைந்தால் கருவியும் ஊமையாகிவிடுமா? இங்கிலாந்தின் தொழில் நகரங்கள் இரண்டில் தோன்றிய குழுக்களைச் சேர்ந்த இரு கலைஞர்களின் வாழ்க்கை இவ்வினாவுக்கு விடை தருகிறது.

மேற்கத்திய இசைவகைகளுள் ‘ஹெவி மெட்டல்’ ஓங்கிய ஒலியால் அறியப்படுவது. மின்கிதாரின் கனத்த அதிர்வும் டிரம்ஸின் இடைவிடாத முழக்கமும் அதன் அடையாளங்கள். ‘கன உலோகம்’ என்று பொருள்படும் அப்பெயருக்கு ஏற்ப, அவ்விசையின் முதன்மையான ஊற்றுகளுள் ஒன்று உலோக ஆலைகள் நிறைந்த பர்மிங்காம் நகரில் தோன்றியது. அவ்வூற்றின் பின்னே ஆலைத் தொழிலாளி ஒருவரின் காயம்பட்ட கை இருக்கிறது.

கடைசி வேலைநாள்

டோனி அயோமி 1948ஆம் ஆண்டு பர்மிங்காமில் பிறந்தார். இடக்கைப் பழக்கமுடைய அவர், இடக்கையால் கிதாரை மீட்டி, வலக்கை விரல்களால் தந்திகளை அழுத்தி வாசித்தார். உலோகத் தகடுகளைக் கையாளும் ஆலையொன்றில் வேலை பார்த்துவந்தார். பதினேழாம் வயதில் இசைக்குழு ஒன்றுடன் வெளிநாடு செல்லும் வாய்ப்பு வந்தது. ஆலை வேலையை விட்டுவிட முடிவு செய்தார்.

அன்று அவருக்குக் கடைசி வேலைநாள். நண்பகல் உணவுக்கு வீடு வந்தவர், இனி ஆலைக்குத் திரும்பப் போவதில்லை என்றார். ஏற்ற வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வருமாறு தாய் கூறினார். அயோமி தாய்சொல்லைத் தட்டவில்லை. பற்றவைப்புப் பணி செய்துவந்த அவரை, அன்று வராத தொழிலாளி ஒருவருக்காகத் தகட்டை அழுத்தும் இயந்திரத்தில் நிறுத்தினர். பழக்கமில்லாத அவ்வியந்திரம் அவர் கையின்மீது இறங்கியது. பதறிக் கையை இழுத்தபோது வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் ஆகியவற்றின் நுனிகள் அறுந்தன. தந்தியை அழுத்த வேண்டிய விரல்கள் அவையே.

கடமையை முடிக்கச் சென்ற இடத்தில் இந்த இழப்பு நேர்ந்தது. நல்லது செய்தால் உடனே நல்லது விளையும் என்னும் எளிய கணக்கு இங்கே பொருந்தவில்லை. இனிக் கிதார் வாசிக்க இயலாது என்று மருத்துவர்களும் கூறினர்.

ஓர் இசைத்தட்டு

மனமுடைந்திருந்த இளைஞரைக் காண ஆலையின் மேற்பார்வையாளர் வந்தார். கையில் ஓர் இசைத்தட்டு கொண்டுவந்திருந்தார். கேட்க விருப்பமின்றி இருந்த அயோமியை வற்புறுத்திக் கேட்கச் செய்தார். அது ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் என்னும் ஜாஸ் கலைஞரின் கிதார் இசை. கேட்டு முடித்த பின்னரே உண்மையைச் சொன்னார்: 1928இல் நிகழ்ந்த தீ விபத்தில் இடக்கை விரல்கள் இரண்டு செயலிழந்துபோக, எஞ்சிய விரல்களைக் கொண்டே ரெய்ன்ஹார்ட் அவ்விசையை உருவாக்கியிருந்தார். ஆறுதல் மொழிகள் பல செய்யாததை அந்த இசைத்தட்டு செய்தது.

விரலுறையும் தளர்ந்த தந்தியும்

அயோமி வேலையைத் தொடங்கினார். நெகிழிக் குப்பி ஒன்றை உருக்கினார். அதனைத் தம் விரல்நுனிக்குப் பொருந்தும் உறையாக வடித்துத் தேய்த்தார். தந்தி வழுக்காதிருக்கப் பழைய தோலாடையிலிருந்து துண்டு வெட்டி அதன்மேல் ஒட்டினார். ஆயினும் உறையணிந்த விரல் தந்தியை உணராது. எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைக் காதால் கேட்டே அறிய வேண்டியிருந்தது. தடித்த தந்திகள் வலி தந்ததால், பாஞ்சோ என்னும் கருவிக்குரிய மெல்லிய தந்திகளைத் தம் கிதாரில் பூட்டினார். பல தந்திகளை ஒருசேர அழுத்தும் வாசிப்பைக் குறைத்து, இரண்டு மூன்று தந்திகளில் எழும் உறுதியான ஒலிக்கோவைகளை மிகுதியாகக் கையாண்டார். பின்னாளில் தந்திகளைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். விரலுக்கு எளிமை தேடிச் செய்த அம்மாற்றம், கேட்போர் செவியில் இருண்ட, கனத்த ஒலியாக விழுந்தது.

ஓசி ஆஸ்பர்ன், கீசர் பட்லர், பில் வார்டு ஆகியோருடன் அவர் 1968இல் அமைத்த குழு, பின்னர் ‘பிளாக் சாபத்’ எனப் பெயர் பெற்றது. நால்வரும் எளிய குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். ஆஸ்பர்ன் இறைச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர். அவர்களின் முதல் இசைத்தொகுப்பு 1970 பிப்ரவரி 13 அன்று வெளிவந்தது. திறனாய்வாளர் பலர் அதனை இகழ்ந்தனர், இளைஞர்கள் வரவேற்றனர். ஹெவி மெட்டலின் தொடக்கமாக இன்று பலரும் சுட்டுவது அத்தொகுப்பையே. 1971இல் வந்த மூன்றாம் தொகுப்பில் இறங்கிய சுருதி முழுமையாக வெளிப்பட்டது. அதன்பின் வந்த குழுக்கள் பல அவ்வழியைப் பின்பற்றின. முழு விரல்கள் உடையோரும் தந்திகளைத் தளர்த்தி வாசிக்கலாயினர்.

ஒற்றைக் கையின் முழக்கம்

எஃகுக்குப் பெயர்பெற்ற ஷெஃபீல்டு நகரில் தோன்றியது ‘டெஃப் லெப்பர்டு’ குழு. அதன் டிரம்ஸ் கலைஞர் ரிக் ஆலன், 1984 டிசம்பர் 31 அன்று நேர்ந்த கார் விபத்தில் இடக்கையை இழந்தார். அப்போது அவருக்கு வயது 21. குழுவினர் அவருக்கு மாற்றாக வேறொருவரைத் தேடவில்லை, அவருக்காகக் காத்திருந்தனர். இடக்கை செய்த பணியை இடக்கால் செய்யுமாறு, மிதிகட்டைகள் கொண்ட மின்னணு டிரம்ஸ் உருவாக்கப்பட்டது. ஆலன் வாசிப்பை மீண்டும் முதலிலிருந்து பழகினார். 1986 ஆகஸ்டில் டானிங்டன் பெருவிழாவில் பல்லாயிரவர் முன்னிலையில் முழங்கினார். 1987இல் வெளிவந்த அக்குழுவின் தொகுப்பு உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்பனையானது.

மீண்டும் தொடங்கிய இடத்தில்

2025 ஜூலை 5 அன்று, பர்மிங்காமின் வில்லா பார்க் அரங்கில் பிளாக் சாபத்தின் முதற்குழுவினர் நால்வரும் இறுதியாக ஒன்றுகூடினர். அவர்கள் வளர்ந்த ஆஸ்டன் பகுதியிலேயே அவ்வரங்கு அமைந்துள்ளது. பார்க்கின்சன் நோயால் நிற்க இயலாத ஆஸ்பர்ன், அரியணை போன்ற இருக்கையில் அமர்ந்து பாடினார். பதினேழு நாள்களுக்குப்பின் அவர் மறைந்தார். அன்று அவர் குரலுக்குத் துணையாக ஒலித்தது அயோமியின் கிதார்.

விபத்து யாருக்கும் இசையைத் தருவதில்லை. அது பறிக்க மட்டுமே அறியும். அயோமி இழந்த விரல்நுனிகள் திரும்ப வரவில்லை. ஆலனின் கையும் அவ்வாறே. மேற்பார்வையாளர் ஒருவர் இசைத்தட்டுடன் வந்தார். தோழர்கள் சிலர் காத்திருந்தனர். இழந்தவர்கள் எஞ்சியதைக் கொண்டு நாள்தோறும் உழைத்தனர். இசையைத் தந்தவை இவையே. 77 வயதில் மேடையேறிய அயோமியின் வலக்கையில், அன்றும் இரண்டு விரலுறைகள் இருந்தன.