ஈம் கிராமத்துக் கல் சிலுவை

2020-ல் மகளின் பிரசவத்துக்காக இங்கிலாந்து போக டிக்கெட் வாங்கி வைத்திருந்தேன். கொரோனா வந்து விமானமே நின்றுவிட்டது. பத்தியச் சமையலைப் போனில்தான் சொல்லிக்கொடுத்தேன். 2022-ல் ஷெஃபீல்டு போய் இறங்கியபோது பேரனுக்கு இரண்டு வயது. தூக்கினால் அழுகை! போனில் பார்த்த பாட்டியை நேரில் பிடிக்கவில்லை போலும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள், "கடை கண்ணின்னு சுத்தினது போதும்மா, இன்னிக்கு ஒரு கிராமத்துக்குப் போகலாம்" என்றாள். டெர்பிஷையர் மலைப் பகுதியில் இருக்கும் ஈம்தான் அந்த ஊர்.

புனித லாரன்ஸ் தேவாலயத்தைச் சுற்றிலும் கல்லறைகள். நடுவே, ஆளுயரத்துக்கு மேல் ஒரு கல் சிலுவை. செதுக்கிச் சுமார் 1,200 ஆண்டுகள் ஆகின்றனவாம். தண்டில் ஒரு துண்டு எப்போதோ காணாமல் போய்விட்டது. தலைப்பகுதியில் தேவதூதர்கள், கீழே நம் கோலத்துக் கொடி போலச் சுருள் சுருளாக வேலைப்பாடு. இடையே குழந்தையோடு மாதா.

அதன் அருகிலேயே காதரின் மாம்பெசன் என்ற பெண்ணின் கல்லறை. 1665 செப்டம்பரில், லண்டனிலிருந்து ஒரு தையற்காரருக்கு வந்த துணி மூட்டையோடு தெள்ளுப்பூச்சியும், அதோடு பிளேக்கும் இந்த ஊருக்குள் வந்தன என்கிறார்கள். 1666 ஜூனில், 'நாம் வெளியே போனால் நோயும் நம்மோடு போகும்' என்று ஊரே கட்டுப்பட்டு உள்ளே இருந்துவிட்டது. வெளியூரார் எல்லைக்கல் அருகே உணவை வைப்பார்கள். இவர்கள் கல்லில் குடைந்த குழிகளில் வினிகர் ஊற்றி, அதில் காசைப் போடுவார்கள். நாம் சானிடைசர் தேடிய மாதிரிதான்!

காதரின், பாதிரியாரின் மனைவி. இரண்டு குழந்தைகளையும் முன்பே வெளியூருக்கு அனுப்பிவிட்டு, தான் மட்டும் கணவரோடு தங்கி நோயாளிகளைக் கவனித்தாள். 1666 ஆகஸ்ட் 25-ல் பிளேக் அவளையும் கொண்டுபோயிற்று. ஊரில் மொத்தம் சுமார் 260 பேர் இறந்தார்கள்.

"பிள்ளைங்களைத் திரும்பப் பார்க்கவே இல்லையாடி?" என்றேன். குரல் கம்மிவிட்டது.

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ வரலையேன்னு நான் அன்னிக்கு அழுதேம்மா. ஆனா வந்து உனக்கு ஒண்ணு ஆகியிருந்தா?" என்றாள்.

இரண்டு வருஷமாக நெஞ்சில் கிடந்த குறை அந்த இடத்தில்தான் இறங்கியது.

அதற்குள் பேரன் சிலுவையை அண்ணாந்து பார்த்து, எட்டாமல், பக்கத்தில் நின்ற என்னிடம் இரண்டு கையையும் நீட்டினான். தூக்கிக்கொண்டேன். அழவில்லை.