பண்ணைப்புரத்துச் சாலையிலே

உத்தமபாளையத்திலிருந்து கோம்பை வழியாகத் தேவாரம் போகிறீர்களா? நடுவில் வருவது பண்ணைப்புரம். 1943-ல் இளையராஜா பிறந்த ஊர் என்று உங்கள் வீட்டுக் குழந்தைகூடச் சொல்லிவிடும். மலையடிவாரத்துச் சாலை அது. எதிரே ஆட்டு மந்தை வரும். நட்ட நடுவில் ஒரு பசுமாடு சாவகாசமாக அசை போடும். அறுவடைக் காலமென்றால் கேட்கவே வேண்டாம், தார்ச்சாலையே களமாகிவிடும்!

டிரைவரே இல்லாத கார் இங்கே வந்தால்?

அந்தக் காருக்குக் காமிராதான் கண். ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி.க்காரர்கள் 2018-ல் ஹைதராபாத், பெங்களூர்ப் பக்கத்துச் சாலைகளைப் படமெடுத்து, சுமார் 10,000 படங்களில் ஆட்டோ ரிக்‌ஷா, மிருகம் என்று 34 வகை பிரித்துப் பாடம் தயாரித்தார்கள். பாடத்தில் இல்லாத பொருள் குறுக்கிட்டால்? அதற்கும் வழி உண்டு. நம் இரு கண்களைப் போல இரண்டு காமிராக்கள் பார்த்தால், தரையைவிட எது எழும்பி நிற்கிறதென்று கணக்கிட்டுவிடலாம். பெயர் தெரியாவிட்டால் என்ன, வண்டி நின்றால் சரி!

ஆனால் காயப்போட்ட சோளம் தரையோடு தரையாக அல்லவா கிடக்கிறது? திடீரென்று பிரேக் போட்டால் சக்கரம் வழுக்கும். போடாவிட்டால் ஒரு குடும்பத்தின் சாப்பாடு நசுங்கும். ஓரத்தில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, தானியத்தைக் காலால் கிளறிவிடும் பாட்டி கையைக் காட்டினால் பஸ் டிரைவர் ஒதுங்கிப் போவார். காமிரா முதலில் அந்தக் கையைக் கண்டுகொள்ள வேண்டுமே!