அவர் ஏறாத விமானம்

2016 மே 11. சாயங்காலம் நாகர்கோவில் வீட்டில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். டி.வி. செய்தியில் கோவா என்று காதில் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தேன். ‘சீ ஹாரியர்’ போர் விமானங்களுக்குக் கடற்படை விடை கொடுத்துவிட்டது என்றார்கள். அடுத்து வந்திருக்கும் மிக்-29கே விமானங்களோடு சேர்ந்து அவை கடைசியாக ஒருமுறை பறந்தன. மிஞ்சிப்போனால் ஒரு நிமிஷம் காட்டியிருப்பார்கள். அப்புறம் தங்கம் விலை வந்துவிட்டது.

என்னவர் எழுந்து டி.வி-யை அணைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர், இருட்டின பிறகுதான் திரும்பி வந்தார். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் சொந்தக்காரர்கள் பாதிப்பேருக்கு அவர் ‘பிளேன் ஓட்டினவர்’. கல்யாண வீடுகளில் யாராவது அப்படி அறிமுகம் செய்தால், “நான் ஓட்டலைங்க, துடைச்சேன்” என்பார். அவர் விமான மெக்கானிக். அந்த விமானத்தோடு பதினான்கு வருஷம் கிடந்தும், ஒருநாள்கூட அதில் ஏறிப் பறந்ததில்லை. ஒருவர் மட்டுமே உட்காரக்கூடிய விமானம் அது. பயிற்சிக்கென்று இருந்த சிலவற்றில்தான் இரண்டு இருக்கை.

முதல் மூன்று சீ ஹாரியர்கள் பிரிட்டனிலிருந்து கோவா வந்து இறங்கியது 1983 டிசம்பரில். முதலில் பழைய விக்ராந்த், பிறகு 1987-ல் நம் கடற்படையில் சேர்ந்த விராட் என்று இரண்டு கப்பல்களில் அவை இருந்தன. விராட்டும் புதுக் கப்பல் இல்லை. ஹெர்மிஸ் என்ற பெயரில் 1982 ஃபாக்லாந்து யுத்தத்துக்குத் தலைமை தாங்கிப் போன பிரிட்டிஷ் கப்பல்தான். அதன் முன்பக்கம் சறுக்குமரத்தைத் திருப்பிப்போட்டது மாதிரி மேல்நோக்கி வளைந்திருக்கும். ஹாரியர் சின்னதாக ஓடி, அந்த வளைவில் ஏறி, அப்படியே வானத்தில் பாய்ந்துவிடும்.

இறங்குவதுதான் வேடிக்கை. மற்ற விமானங்கள் கப்பலில் இறங்கிய பிறகு, கம்பியில் கொக்கி மாட்டி நிற்க வேண்டும். இது முதலில் நிற்கும், பிறகு இறங்கும். எஞ்சின் காற்று வெளியே வருகிற நான்கு வாய்களையும் விமானி கீழ்நோக்கித் திருப்புவார். கப்பல் போகிற வேகத்திலேயே பக்கத்தில் அந்தரத்தில் நின்று, மெல்ல நகர்ந்து தளத்துக்கு மேலே வந்து, பொத்தென்று உட்காரும். நம் ஊர் வெயிலில் காற்று லேசாகிவிடுவதால் எஞ்சினுக்குப் பலம் போதாது. அதற்காக உள்ளே தண்ணீரைப் பீய்ச்சுவார்களாம். அந்தத் தண்ணீரும் ஒன்றரை நிமிஷத்துக்குத்தான் வரும். “அதுக்குள்ள இறங்கிடணும்” என்று சாதாரணமாகச் சொல்வார்.

எனக்குப் புரிந்ததெல்லாம் சத்தம்தான். கல்யாணம் முடிந்து வாஸ்கோ குடியிருப்புக்கு வந்த முதல் வாரம், ஜன்னல் கண்ணாடி கிடுகிடுவென்று ஆடியது. நிலநடுக்கம் என்று வெளியே ஓடினேன். பக்கத்து வீட்டு மலையாளத்து சேச்சி சிரித்துக்கொண்டே, “உன் வீட்டுக்காரரோட சக்களத்தி” என்றார். தொட்டிலில் பிள்ளையைத் தூங்கவைத்த அடுத்த நிமிஷம் அது அலறும். எத்தனை நாள் வாயாரத் திட்டியிருக்கிறேன்!

சக்களத்தி என்றது பொய்யில்லை. ஹாரியரில் எஞ்சினை மாற்ற வேண்டுமென்றால் முதலில் இறக்கையைக் கழற்ற வேண்டும். இரண்டு பக்கமும் சேர்ந்த ஒரே இறக்கை. அதை கிரேனில் தூக்கி ஓரமாக வைத்தால்தான் எஞ்சின் கண்ணில் படும். அப்படிப்பட்ட நாட்களில் சாப்பாடு ஆறி, திரும்பச் சூடாக்கி, மறுபடி ஆறிப் போகும். நடு ராத்திரி வந்து நிற்பவரின் சட்டையில் அடிக்கிற எண்ணெய் நாற்றம் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. ஒழுகாத நாளே கிடையாது என்பார். காலையில் போனதும் முதல் வேலை, வயிற்றுக்கு அடியில் குனிந்து, விரலால் தடவி, எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்பது.

ஒரு விஷயத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நம் கடற்படை வாங்கியவற்றில் பாதிக்கும் மேற்பட்ட ஹாரியர்கள் விபத்துகளில் போய்விட்டன. விமானிகளும் போயிருக்கிறார்கள். அந்தக் குடியிருப்பில் நாங்கள் எல்லோரும் பேசாமல் பேசிக்கொண்ட செய்தி அது. சத்தம் கேட்டால் திட்டுவோம். கிளம்பிய சத்தம் திரும்பக் கேட்காவிட்டால், கையில் இருக்கும் வேலை ஓடாது.

ஒவ்வொரு முறையும் விமானம் கிளம்பும் முன் மெக்கானிக் அதன் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ‘நான் பார்த்தேன், சரியாக இருக்கிறது’ என்று பொருள். ஒருநாள் ஒரு விமானம் வரவில்லை. விமானியும் வரவில்லை. அப்படி நடந்தால் உடனே எல்லாப் பதிவேடுகளையும் எடுத்துப் பூட்டி முத்திரை வைத்துவிடுவார்கள். அன்று காலை எந்தெந்த விமானத்துக்குக் கையெழுத்துப் போட்டோம் என்று இவருக்குக் குழம்பிவிட்டது. ராத்திரி முழுக்க திண்ணையில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருந்தார். விடிந்த பிறகு நண்பர் வந்து, “உன்னோடது இல்ல” என்றார்.

இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்பாடா” என்றார்.

சொன்ன மறுநொடியே கையை உதறிக்கொண்டு எழுந்தவர், குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் அங்கேயே இருந்தார். அந்த ‘அப்பாடா’வை அவர் இன்றுவரை மன்னிக்கவில்லை. அவர் ஓய்வுபெற்று ஊருக்கு வந்த பிறகும், புயல் ராத்திரிகளில் எழுந்து உட்கார்ந்திருப்பார். எதற்கென்று எனக்குத் தெரியும்.

2006-ல் பிரிட்டனே சீ ஹாரியரை நிறுத்திவிட்டது. அதன்பிறகு உலகத்தில் அதை வைத்திருந்தது நாம் மட்டும்தான். உதிரிபாகங்களுக்கு என்ன பாடுபடுவார்கள் என்று, தான் இல்லாத வேலைக்காக இவர் இங்கே இருந்து கவலைப்படுவார். 2017 மார்ச்சில் விராட்டும் ஓய்வுபெற்றது. அது உடைப்பதற்காக ஆலங் கடற்கரைக்குப் போன படத்தை 2020-ல் மகன் போனில் காட்டினான். “வேண்டாம்டா” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போன வருஷம் பேரனோடு கோவா போயிருந்தோம். போக்மலோ சாலையில் இருக்கிற கடற்படை விமான அருங்காட்சியகத்தில் ஒரு சீ ஹாரியர் நிற்கிறது. நான் பயந்துகொண்டேதான் போனேன். அவர் தூரத்திலேயே கொஞ்ச நேரம் நின்றார். இறக்கையின் நுனியில் இருக்கிற சின்னச் சக்கரத்தைப் பேரனுக்குக் காட்டினார். பேரன் செல்ஃபி எடுப்பதில் மும்முரமாக இருந்தான். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம்.

முட்டிவலி என்று கோயிலில்கூட உட்காராத மனுஷன், விமானத்தின் வயிற்றுக்கு அடியில் குனிந்து, விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

“தாத்தா, என்ன தேடுறீங்க?”

விரலை மூக்கருகே வைத்துப் பார்த்தார். பிறகு பேரனிடம் நீட்டிக் காட்டினார்.

“ஒழுகலடா. காய்ஞ்சு கிடக்கு.”