உமிச்சாம்பலும் ஒரு மூடை சீமெந்தும்

மாத்தளைப் பக்கம் வீடு கட்டுறதைப் பற்றி யார் பேசினாலும், பேச்சு கடைசியில சீமெந்து விலையிலதான் வந்து நிக்கும். 2022 நெருக்கடியில் 50 கிலோ மூடை ஒன்று மூவாயிரம் ரூபாயைத் தாண்டியதை நாங்கள் மறக்கவில்லை. லயத்தோடு ஓர் அறை கூட்டிக் கட்ட நினைத்தவர்களுக்கு அது பெரிய அடி.

அதே மாவட்டத்தில் தம்புள்ளை, கலேவெலைப் பக்கம் இறங்கினால் வயல்வெளி. ஒரு தொன் நெல்லைக் குத்தினால் ஏறத்தாழ 200 கிலோ உமி வரும். அதை எரித்தால் 40 கிலோ சாம்பல். உமியைக் கட்டடத்தில் சேர்ப்பது இந்த மண்ணுக்குப் புதுசும் இல்லை. சிகிரியா ஓவியங்களுக்கு அடியில் இருக்கும் களிமண் பூச்சிலும் உமி இருக்கிறது. ஆனால் சாம்பலின் கதை வேறு. ஒழுங்காக எரிந்த உமிச்சாம்பலில் 85 முதல் 95 வீதம் வரை சிலிக்கா.

சீமெந்து தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது கொஞ்சம் சுண்ணாம்பு வேலையில்லாமல் மிஞ்சும். சிலிக்கா அதைப் பிடித்துக்கொண்டு, கொங்கிரீட்டை ஒட்டவைக்கும் அதே பசையை இன்னும் கொஞ்சம் உண்டாக்கும். நுண்துளைகள் அடைபடும், தண்ணீர் ஊறுவது குறையும். 1970களில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பி. குமார் மேத்தா இதை விரிவாக ஆராய்ந்தார். நல்ல சாம்பல் என்றால் சீமெந்தில் 10 முதல் 20 வீதம் வரை குறைக்கலாம். மூடைக்கு 5 கிலோ மிச்சம் என்றாலும் பெரிய விஷயம்தானே?

அப்ப ஆலைக்குப் பின்னால குவிஞ்சு கிடக்கிறதை அள்ளிக் கலக்க வேண்டியதுதானே என்றால், அங்கதான் சிக்கல். எல்லாம் நெருப்பில் இருக்கிறது. ஏறத்தாழ 500 முதல் 700 பாகை செல்சியசில் எரிந்தால்தான் சிலிக்கா வேலை செய்யும். சூடு மிஞ்சினால் அது பளிங்காகிச் சும்மா கிடக்கும். சூடு போதாவிட்டால் கரி மிஞ்சிச் சாம்பல் கறுப்பாகும், கலவையில் தண்ணீரைக் குடிக்கும். ஆலை அடுப்பு எரிவது நெல் அவிக்கத்தான், நல்ல சாம்பலுக்காக இல்லை. ஒரே குவியலில் இரண்டு பிடி இரண்டு விதமாக இருக்கலாம். நல்ல சாம்பலையும் மாவாக அரைத்த பிறகுதான் சேர்க்க வேண்டும்.

'மலிவு' என்ற சொல் வந்தாலே முதல் பரீட்சை தோட்டத்து மக்களின் கூரைக்குக் கீழேதான் நடக்குமோ என்பதுதான் எங்கள் பயம். அதனால் எங்கள் கேட்பு இதுதான்: தூணும் பீமும் சிலாப்பும் இப்போதைக்கு வேண்டாம். நடைபாதைக் கல்லிலும் கான் மூடியிலும் தொடங்குவோம். கண்டியைத் தாண்டினால் பேராதனைப் பொறியியல் பீடம். பிரதேச சபையும் ஆலைக்காரர்களும் அங்கே சாம்பலைக் கொண்டுபோய், 28 நாள் இறுகிய கட்டியை உடைத்துப் பார்க்கட்டும். அந்த இலக்கத்தை எங்களுக்குத் தமிழிலும் சொல்லட்டும். வீட்டைப் பற்றி அதுக்குப் பிறகு பேசலாம்.