ரேணிகுண்டாவும் தேவனஹள்ளியும்: இடையில் ஓர் ஊர்

திருப்பதி விமான நிலையம் ரேணிகுண்டாவில் உள்ளது. பெங்களூரு விமான நிலையம் தேவனஹள்ளியில். இரண்டுக்கும் இடையே நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 205 கிலோமீட்டர். விமானத்துக்கு அது ஒரு மணி நேரத் தொலைவு. முல்பாகல், பலமநேர், சித்தூர் வழியாகச் சாலையில் செல்வோர்க்கு ஐந்து மணி நேரம் வேண்டும். இக்கோட்டிலிருந்து தெற்கே விலகி, தமிழகத்தையும் கர்நாடகத்தையும் ஒட்டிக் கிடக்கிறது குடுபல்லி. அங்கிருந்து தேவனஹள்ளி நேர்கோட்டில் 80 கிலோமீட்டருக்குள் அடங்கும். ரேணிகுண்டா அதைப்போல் இருமடங்கு.

ஊரார் இதை அறிவர். வரைபடத்தின் மாவட்ட எல்லையை மட்டும் பார்ப்பவர் அறியார்.

குவைத்தில் வேலை பார்த்த ஒருவரின் தாயார் சில ஆண்டுகளுக்கு முன் குடுபல்லியில் காலமானார். அங்கிருந்த பயண முகவர், கடவுச்சீட்டில் சித்தூர் மாவட்டம் என்றிருந்ததைக் கண்டு, ஐதராபாத் வழியாகத் திருப்பதிக்குச் சீட்டு எடுத்துத் தந்துவிட்டார். துக்கத்தில் இருப்பவன் சீட்டைத் திருப்பிப் பார்ப்பானா? நண்பகலில் ரேணிகுண்டாவில் இறங்கியவர்க்கு இன்னும் நான்கு மணி நேரச் சாலை மீதமிருந்தது. பலமநேரைக் கடக்கும்போது மாமாவிடமிருந்து அழைப்பு வந்தது: “பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும்னு பெரியவங்க சொல்றாங்கப்பா. எங்க வந்துட்டிருக்க?” அவர் ஊர் சேர்ந்தபோது வாசலைக் கழுவி விட்டிருந்தார்கள். கொள்ளி வைத்தவன் தம்பி.

2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. ரேணிகுண்டா இப்போது வேறு மாவட்டம். அத்தகைய குழப்பம் இனிச் சற்றுக் குறையலாம். தொலைவு என்னவோ குறையவில்லை.

தொலைவைக் காலத்தால் அளப்பது நமக்குப் புதிதன்று. ஒரு நாள் நடை, அரை நாள் நடை என்றே வழிகேட்டு நடந்தவர்கள் நம் முன்னோர். சட்ட ஆவணங்களோ வான்வழி அளவையே கொள்கின்றன. பெங்களூரு விமான நிலையத்துக்காக 2004இல் மத்திய அரசு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, அந்நிலையம் திறந்த நாளிலிருந்து 25 ஆண்டுகள், வான்வழி 150 கிலோமீட்டருக்குள் வேறெந்த நிலையத்தையும் பன்னாட்டு நிலையமாக வளர்க்க இசைவு தரலாகாது. மைசூருவும் ஹாசனும் மட்டுமே விலக்கு. நிலையம் திறந்தது 2008 மே மாதம். ஆகவே தடை 2033 வரை. ஒசூரில் விமான நிலையம் அமையும் எனத் தமிழக அரசு 2024 ஜூனில் அறிவித்ததும் இக்கூறே மீண்டும் பேசுபொருளாயிற்று. திருப்பதி அவ்வட்டத்துக்கு வெளியே தப்பி நிற்கிறது. குடுபல்லியும் குப்பமும் முற்றிலும் உள்ளே. 150 என்ற எண்ணை வகுத்தவர்கள் முதலீட்டாளரின் வருவாயை எண்ணினார்கள், அது புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் வான்வழி 80 கிலோமீட்டர் தரையில் மூன்று மணி நேரமாக நீளும் ஊர்கள் அந்த வட்டத்துக்குள் எத்தனை உள்ளன என்ற கணக்கையும் எவரேனும் எடுத்திருக்க வேண்டும்.

குப்பத்துத் திராவிடப் பல்கலைக்கழக மாணவர்கள் வெளிநாட்டுக் கருத்தரங்குகளுக்குச் செல்லும் வழி இன்னும் ஜோலார்பேட்டை–பெங்களூரு இருப்புப்பாதைதான். விடியற்காலை விமானமென்றால் முந்தைய நாள் மாலையே ரயிலேறி, கிருஷ்ணராஜபுரத்தில் இறங்கிப் பேருந்து மாறி, கட்டுரைத் தாள்களைத் தலைக்கு வைத்துக்கொண்டு நிலையத்து நாற்காலியில் இரவைக் கழிக்கிறார்கள்.