மலையில் வீசியது

ரிங்லெட் மலைச்சரிவில், தேயிலைத் தோட்டத்து வீடொன்றின் அலமாரியில், பழைய மைலோ டின் ஒன்று இருந்தது. அதனுள் ஓய்ந்துபோன கைத்தொலைபேசிகள் மூன்று. ஒருநாள் பேரன் சொன்னான்: “பாட்டி, அவற்றை ஓடைப் பக்கம் வீசிவிடுங்கள். நான் இன்னொன்று வாங்கப் போகிறேன்.”

40 ஆண்டுகள் கொழுந்து பறித்த அந்த மூதாட்டி உடன்படவில்லை. “மலையில் வீசியது ஏரிக்குத்தான் போகும், ஐயா” என்றார்.

அது அவர் கண்ணாரக் கண்ட உண்மை. அவர் சிறுமியாயிருந்த 1963-இல் சுல்தான் அபு பாக்கார் அணை எழுந்தது. பெர்த்தாம் ஆறு ரிங்லெட் ஏரியாயிற்று. பின்னர்க் காடுகள் அழிந்து காய்கறித் தோட்டங்கள் பெருகின. மேட்டு மண் மழையோடு இறங்கி ஏரியைத் தூர்த்தது. அதன் கொள்ளளவு குன்றியது. 2013 அக்டோபர் 23-ஆம் நாள், விடியுமுன், பெருமழையால் அணைநீர் திறந்துவிடப்பட்டபோது, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளோடு உயிர்களும் பறிபோயின. மேலே விதைத்த வினை கீழே விளைந்தது.

கைத்தொலைபேசியின் கதையும் அத்தகையதே. அதன் ஒலிபெருக்கியிலும் அதிர்வுப் பொறியிலும் உள்ள சிறு காந்தங்களுக்கு நியோடிமியம் என்னும் அருமண் தனிமம் வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவில் தோண்டப்படும் அருமண் தாது கப்பலேறி வந்து, 2012 முதல் இதே பகாங் மாநிலத்தின் கெபெங்கில் பிரித்தெடுக்கப்படுகிறது. தனிமங்கள் உலகச் சந்தைக்குச் செல்கின்றன. தோரியம் கலந்த கதிரியக்கக் கசடோ இம்மண்ணில் தங்கிவிடுகிறது. ஒரு கைத்தொலைபேசியால் விளையும் கரிவளி மாசின் பெரும்பகுதியும், அது வாங்குவோர் கைக்கு வருமுன்பே வெளியாகிவிடுகிறது.

முடிவும் எளிதன்று. 2022-இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் டன். முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது ஏறத்தாழ 22 விழுக்காடே. மறுசுழற்சியில் பொன்னும் செம்பும் மீளும்; சிறு காந்தங்களில் உள்ள அருமண்ணோ அரிதாகவே மீள்கிறது. ஆதலால், வாங்கிய பொருளை நீண்ட நாள் பேணுவதே முதற்கடமை. முறையாக ஒப்படைப்பது அதற்கு அடுத்தது.

பேரன் சற்று நேரம் ஏரியைப் பார்த்து நின்றான். பின்பு, தன் கைத்தொலைபேசிக்கு மின்கலத்தை மட்டும் மாற்றிக்கொண்டான். பழையவை மூன்றும், ஈப்போ சென்ற நாளில், மின்னணுக் கழிவு சேகரிப்பு மையத்தில் ஒப்படைக்கப்பட்டன.

மூதாட்டி அந்த டின்னைக் கழுவிக் காயவைத்து, அதில் தேயிலைத் தூளை நிரப்பிக்கொண்டார்.