ஏரிக்கரையில் ஒரு ஜாகை

கோடை நெருங்கிவிட்டால் மதுரையில் இரண்டு பேச்சுத்தான். ஒன்று, சித்திரைத் திருவிழா. மற்றொன்று, "இந்த வருஷமாவது கொடைக்கானல் போவோமா?" என்பது. முதலாவது தவறாமல் நடந்துவிடும். கள்ளழகர் ஆற்றில் இறங்கியே தீருவார். இரண்டாவதுதான் வருஷா வருஷம் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. பிறந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் மதுரை. மலையைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாளே தவிர, ஏறியதில்லை. தை மாதம் தெப்பத் திருவிழா பார்த்துவிட்டு வந்த இரவு, முழங்காலுக்குத் தைலம் தேய்த்தபடியே கேட்டாள்:

"ஏண்டா, கொடைக்கானல்ல ஏரி இருக்காமே, அது நம்ம வண்டியூர்த் தெப்பக்குளம் மாதிரியா இருக்கும்?"

"அதைவிடப் பெரிசும்மா."

"அடுத்த மாசம் காலை அறுக்கப் போறாரு டாக்டர். அதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துடறேனே."

அதற்கு மேல் தள்ளிப் போட முடியுமா? என் மனைவி ஓர் உறையில் பணத்தை எண்ணிப் போட்டாள். "நாலு பேர், ரெண்டு ராத்திரி. இதுக்கு மேல ஒரு பைசா கிடையாதுங்க" என்று உறையைத் தன் கைப்பையிலேயே வைத்துக்கொண்டாள். எங்கள் ஆறு வயது மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லி, அடுத்த வாரமே கிளம்பினோம்.

மதுரைக்காரர் கட்டிய ஏரி

கொடைக்கானலுக்கும் மதுரைக்கும் உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. 1845-ல் முதன் முதலாக அங்கே இரண்டு பங்களாக்கள் கட்டியவர்கள், மதுரையில் ஊழியம் செய்துவந்த அமெரிக்கப் பாதிரிமார்கள். சமவெளியின் வெயிலும் காய்ச்சலும் தாங்காமல், குடும்பத்தைக் காப்பாற்றிக்கொள்ள மலையேறினார்கள். அப்போது சாலை ஏது? குதிரையிலோ, ஆட்கள் தூக்கிச் செல்லும் நாற்காலியிலோதான் போக வேண்டும். முதல் உலகப் போர்க் காலத்தில்தான் வத்தலக்குண்டிலிருந்து மோட்டார் போகும் மலைச்சாலை திறக்கப்பட்டது.

ஏரியும் தானாக உண்டானதல்ல. 1863-ல், மதுரைக் கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் என்பவர், ஓடைகளுக்குக் குறுக்கே கரை போட்டுத் தேக்கியது. பரப்பு சுமார் 60 ஏக்கர். சுற்றளவு சுமார் 5 கிலோமீட்டர். 1985-ல் திண்டுக்கல் மாவட்டம் பிரியும் வரையில் கொடைக்கானல் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது.

"அப்படின்னா நம்ம ஏரிதான்னு சொல்லு!" என்றாள் அம்மா, பஸ்ஸில் இதைக் கேட்டதும்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டிலிருந்து காலையிலேயே ஏறிவிட்டோம். தூரம் சுமார் 120 கிலோமீட்டர். நாலு மணி நேரம் பிடிக்கும். வத்தலக்குண்டு தாண்டியதும் மலைச்சாலையின் வளைவுகள் ஆரம்பமாகும். குழந்தைகளுக்கு வயிறு நிறைய டிபன் கொடுத்து ஏற்றாதீர்கள். இரண்டு இட்லி போதும். முன்பக்க ஸீட்டும், கையில் ஓர் எலுமிச்சம்பழமும் இருந்தால் வளைவுகளைச் சமாளித்துவிடலாம்.

சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ போகிறவர்கள் 2024-ஆம் ஆண்டு மே மாதம் முதல் இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு. அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கும் மலையில் கட்டுப்பாடு உண்டு. வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலும் பிளாஸ்க்கும் கொண்டு போங்கள்.

"ஏரி தெரியும் அறை!"

அறையை நான் கைப்பேசியில் படம் பார்த்தே பிடித்திருந்தேன். "ஏரி தெரியும் அறை" என்று போட்டிருந்தது. அதற்காகச் சாதாரண அறையைவிட ஐந்நூறு ரூபாய் அதிகம். அம்மாவுக்காகத்தானே என்று, மனைவியைக் கலக்காமல், இரண்டு நாள் வாடகையையும் முன்னதாகவே கட்டிவிட்டேன். இந்த இடத்தில் நான் செய்த தவறுகளை வாசகிகள் எண்ணிக்கொண்டு வரலாம்.

முதல் தவறு உடனே தெரிந்தது. லாட்ஜ் சாலையோரத்தில் இருந்தது. எங்கள் அறையோ பள்ளத்தில் இருந்தது. நடுவில் அறுபத்து நாலு படிகள்! கைப்பிடி கிடையாது. ஒவ்வொரு படியிலும் பக்கவாட்டில் காலை வைத்து, என் தோளைப் பிடித்தபடி அம்மா இறங்கினாள். "திருப்பரங்குன்றம் ஏறினாலும் சாமியைப் பார்க்கலாம். இது இறங்குதே!" என்று சிரித்தாள். கண்ணில் மட்டும் நீர் கோத்திருந்தது.

ஏரி எங்கே என்று ரூம் பையனைக் கேட்டேன். அவன் எங்களைக் குளியலறைக்கு அழைத்துப் போனான். ஸ்டூல் ஒன்றைப் போட்டு, அதன்மேல் ஏறி, உயரத்திலிருந்த ஜன்னலைத் திறந்து, "அதோ, அந்த ரெண்டு மரத்துக்கு நடுவுல பாருங்க ஸார்" என்றான். பார்த்தேன். இரண்டு மரங்களுக்கு நடுவே, வெள்ளித் தட்டின் விளிம்பு மாதிரி என்னவோ மின்னியது. ஐந்நூறு ரூபாய் ஏரி!

"அத்தையை எப்படிங்க ஸ்டூல்ல ஏத்தறது?" என்று மட்டும் கேட்டாள் என் மனைவி. அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

அந்த இரவு

கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரம். ஆயிரம் அடி ஏறினால் ஏறக்குறைய 2 டிகிரி செல்சியஸ் குறையும் என்பது பொதுக் கணக்கு. மதுரையில் விசிறியைப் போட்டுக்கொண்டு படுக்கும் அதே இரவில், அங்கே பதின்மூன்று டிகிரி குறைவாக இருக்கும். தை மாதக் குளிரைக் கேட்கவா வேண்டும்!

அறையில் ஆளுக்கு ஒரு மெல்லிய கம்பளி. வெந்நீர் காலை ஏழு முதல் ஒன்பது வரைதான். ராத்திரி ஒன்பது மணிக்கு அம்மாவின் முழங்கால் இரண்டும் மரத்துப் போய்விட்டன. மேலே போய்ச் சொன்னேன். பையன் நல்ல மனசுக்காரன். பத்து நிமிஷத்தில் ஒரு இரும்புச் சட்டி நிறையக் கனன்ற கரியைக் கொண்டுவந்து கட்டிலருகே வைத்தான். "கதவு, ஜன்னலை நல்லாச் சாத்திக்குங்க பாட்டி. விடிய விடிய சூடு நிற்கும்."

எனக்குப் போன உயிர் திரும்பியது போலிருந்தது. ஜன்னலைச் சாத்தப் போனேன்.

"சாத்தாதே!" என்றாள் அம்மா. அந்தக் குரலை நான் சிறு வயதில்தான் கேட்டிருக்கிறேன். "பிள்ளை பெத்தவளுக்கு அனல் சட்டி வைப்போம், குழந்தைக்குச் சாம்பிராணி போடுவோம். கதவைச் சாத்திட்டா வைப்போம்? எங்க அம்மா அடிச்சே போடுவா. முதல்ல இதை வெளியே கொண்டு போ."

ஏன் என்று அம்மாவுக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மூடிய அறையில் கரி எரியும்போது கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. புகை கண்ணைக் கரித்தால் விழித்துக்கொள்வோம். இதுவோ தூங்குகிறவரைத் தூக்கத்திலேயே கொண்டு போய்விடும். மலை ஊர்களில் குளிருக்காகக் கரியடுப்பை அறைக்குள் வைத்துப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்திகளை நாம் பத்திரிகைகளில் படித்திருக்கிறோம். படித்த நான்தான் ஜன்னலைச் சாத்தப் போனேன்!

சட்டி வெளியே போயிற்று. மனைவி, மகள், அம்மா மூவரும் ஒரே கட்டிலில், எல்லாக் கம்பளிகளையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டார்கள். பையன் மறுபடி மேலே போய்ப் பிளாஸ்க் நிறைய வெந்நீர் கொண்டுவந்தான். அதைப் பாட்டிலில் ஊற்றித் துண்டைச் சுற்றி அம்மாவின் முழங்காலுக்கு அணை கொடுத்தோம். நான் பேண்ட், ஸ்வெட்டர், மப்ளர் சகிதமாக உட்கார்ந்தே விடியவைத்தேன்.

மனைவி பார்த்த அறை

காலையில் மனைவி, "நீங்க அத்தைக்குத் துணையா இருங்க. நான் பார்த்துட்டு வரேன்" என்று உறையுடன் கிளம்பினாள். ஒரு மணி நேரத்தில் திரும்பினாள். கடைத்தெருவை ஒட்டி ஒரு சிறிய லாட்ஜ். ஏரி தெரியாது. எதிர்வீட்டுச் சுவர்தான் தெரியும். ஆனால் தரைத் தளம். வாசலில் ஒரே ஒரு படி. குளியலறையில் மின்சார கீஸர். ஆளுக்கு இரண்டு கனத்த கம்பளி. வாடகையும் குறைவு.

பழைய லாட்ஜில் அரை மணி நேரம் வாதாடியதில் மறுநாள் வாடகையில் பாதி திரும்பியது. மீதிப் பாதியை நான் பள்ளிக் கட்டணமாக வைத்துக்கொண்டேன்.

அவள் எப்படி ஒரு மணி நேரத்தில் சரியான அறையைப் பிடித்தாள்? நான் கேட்காத கேள்விகளை எல்லாம் கேட்டாள். அவை இவைதாம்:

"சாலையிலிருந்து அறைக்கு எத்தனை படி?" மலை ஊரில் தூரத்தைக் கிலோமீட்டரில் கேட்பதில் பயனில்லை. முதியவர்கள் கூட வந்தால் படிக்கணக்குத்தான் முக்கியம். ஏரி பள்ளத்தில் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டும் கடைத்தெருவும் மேட்டில் இருக்கின்றன. போவது இறக்கமானால் வருவது ஏற்றம்.

"வெந்நீர் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை? குழாயிலா, வாளியிலா? வாளிக்குத் தனிக் காசா?" குளியலறையில் காஸ் கீஸர் இருந்தால், காற்றோட்டமான ஜன்னல் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். கரியடுப்புக்குச் சொன்ன அபாயம் இதற்கும் உண்டு.

"கம்பளி எத்தனை? கூடுதல் படுக்கைக்கு எவ்வளவு? சொல்லும் வாடகையில் ஜி.எஸ்.டி. சேர்த்தியா?" இதை முதலில் கேட்காவிட்டால் பில்லில் தெரிந்துகொள்ள நேரும்.

"இருபத்து நாலு மணி நேரக் கணக்கா, இல்லை காலையில் காலி செய்ய வேண்டுமா?" மத்தியானம் வந்து சேர்ந்து, மறுநாள் காலை பத்து மணிக்குக் காலி செய்தால், முழு நாள் வாடகைக்கு முழு நாள் கிடைக்காது.

இவற்றுடன், பகல் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். ஒருவர் சாமான்களுடன் பஸ் ஸ்டாண்டில் இருக்க, மற்றவர் இரண்டு மூன்று அறைகளை நேரில் பார்க்கட்டும். ஒரு நாள் வாடகைக்கு மேல் முன்பணம் கட்டாதீர்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் தொடர் விடுமுறைகளிலும் மட்டும் இப்படித் தேட முடியாது. முன்னதாகவே போன் செய்து, இதே கேள்விகளைக் கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையைத் தவிர்த்து, மற்ற மாதங்களில் வார நாட்களில் போனால் வாடகையும் இறங்கும், கூட்டமும் இருக்காது.

துணிமணி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அங்கே துவைத்த துணி லேசில் காயாது. குழந்தைகளுக்கு ஒரு செட் கூடவே எடுத்து வையுங்கள். அடுப்பு உள்ள வீட்டை வாடகைக்கு எடுத்துச் சமைக்க நினைப்பவர்களுக்கும் ஒரு சொல்: அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகையால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நெடுநேரம் ஆகும். குக்கர் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏரி

மாலை நாலு மணிக்கு ஆட்டோ வைத்துக்கொண்டு ஏரிக்குப் போனோம். பனி இறங்கவில்லை. தண்ணீரில் மரங்கள் தலைகீழாக நின்றன. மகளும் மனைவியும் வாடகை சைக்கிளில் கரையைச் சுற்றக் கிளம்பினார்கள். நானும் அம்மாவும் கரைச்சாலையில் மெதுவாக நடந்தோம். நூறு கஜம் நடந்திருப்போம். அதற்குமேல் கால் இடம் கொடுக்கவில்லை. ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "நடுவுல மண்டபம் இல்லை" என்றாள்.

"இல்லைம்மா."

"இருக்கட்டும். நல்லாத்தான் இருக்கு." சிறிது யோசித்து, "இதைப் பார்க்க டிக்கெட் உண்டா?" என்று கேட்டாள்.

"படகில் போனால்தான் காசு. சுத்தி நடக்கிறதுக்கு ஒண்ணும் கிடையாது."

"பின்னே எதுக்கடா ஸ்டூல் மேல ஏறி நின்னு பார்க்க ஐந்நூறு ரூபாய் கொடுத்தே?"

நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊர் திரும்பியபோது உறையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதில் அம்மா மலைப்பூண்டும் மலைவாழைப்பழமும் வாங்கிக்கொண்டாள். மாசி மாதம் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது காலையும் மாலையும் வண்டியூர்த் தெப்பக்குளத்தின் கரையில் நடக்கிறாள். போன வாரம் என் மனைவியிடம் கேட்டாளாம்:

"அந்த ஏரியைச் சுத்தி எவ்வளவு தூரம்னு சொன்னான் அவன்? அஞ்சு கிலோமீட்டரா? தெப்பக்குளத்தை எத்தனை தடவை சுத்தினா அஞ்சு கிலோமீட்டர் வரும்?"

அறை பார்க்கும் பொறுப்பு இந்தத் தடவை என்னிடம் இல்லை.